வாய் நிறைய

வியாழன் மாலை,
தார்த்து நகர நூலகத்தின் நிலவறை.
திக்கிப் பேசுகிறவர்கள் ஏழு பேர்,
நடுவில் ஊர்வேயின் தகர டப்பா.
இஞ்சி பிஸ்கட். தேன் ஒரு கரண்டி கூடவே விடுவாள்;
பல்லில் ஒட்டும், விழுங்க நேரமாகும்.
வாயில் பண்டம் இருக்கிறவரை
எவரையும் பேசச் சொல்வதில்லை நாங்கள்.

கல்யு பேருந்து ஓட்டுகிறான்.
அவன் பெயருக்கு எங்கள் மொழியில் பாறை என்று பொருள்.
அதன் முதலெழுத்தில்தான் தினமும் முட்டிக்கொள்கிறான்.
நாலு மாதம்
தன் முறை வரும்போதெல்லாம்
இன்னொன்றை எடுத்துக் கடித்தான்.

நேற்று ஊர்வேக்குக் காய்ச்சல்.
வெறும் மேசை.
பனி உதறாத கோட்டோடு வந்தவன்
காகிதப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தான்.
வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை,
அடியெல்லாம் கருப்பு.

'க' என்றான். 'க... க...' என்றான்.
பெயரைத்தான் சொல்ல வருகிறான் என்று காத்திருந்தோம்.
யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.
ஹீட்டர் இருமுறை தட்டி ஓய்ந்தது.

'கல்லாப் போச்சு,' என்றான் ஒரே மூச்சில்.
'ராத்திரி மூணு தடவை சுட்டேன். மூணும் இப்படித்தான்.'

கடித்தோம்.
உண்மைதான்.
வெகுநேரம்
ஒருவராலும் பேச முடியவில்லை.