எங்கும் போகாத கதவு

பாம்பன் தெற்குவாடியில்
மூடிக் கிடந்த ஐஸ் கம்பெனியின் குளிர் அறையை
மாதம் நாலாயிரத்துக்குப் பேசி முடித்தேன்.
முக்கால் அடிச் சுவர், உள்ளே தக்கை.
"சத்தம் வெளியே போகாதும்மா" என்றார் அசனார்.
உள்ளே வராமல் இருந்தால் போதும் எனக்கு,
லாஞ்சுகளின் டீசல் இருமல்,
ஏலம் விடுகிறவரின் தொண்டை,
பாலத்தில் ரயில் ஏறும்போது
கடல் பல்லைக் கடிப்பது போல் ஓர் ஒலி.

படங்களுக்குக் காலடி போடுவது என் தொழில்.
திரையில் நடப்பது நடிகர்,
சத்தம் என் கால்.
காஷ்மீரப் பனியில் அவர் ஓடினால்
வாலிநோக்கத்து உப்பைக் கொட்டி
அதன்மேல் நான் ஓடுவேன்.
எலும்பு முறிய முருங்கைக்காய்.
புறா பறக்கப் பழைய தோல் கையுறை.
முத்தத்துக்கு என் புறங்கை.
அதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

கட்டம் போட்ட தாளில் அறையை வரைந்தேன்.
முதலில் தரை, துண்டு துண்டாக:
கடப்பைக்கல், மணல், சரளை,
உடைந்த வள்ளத்தின் பலகை ஒன்று.
அது இன்னும் ஈரமாகவே ஒலிக்கிறது.
பிறகு சாமான்கள்.
முனகுகிற கட்டில் தேடி
ராமநாதபுரத்துப் பழைய சாமான் கடைகளில்
ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து எழுந்தேன்.
"நல்ல கட்டில்மா, சத்தமே போடாது"
என்று சொல்லிச் சொல்லியே
வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டார்கள்.
அடுப்பு வாங்கினேன், திருகும்போது வரும் 'டிக்'குக்காக.
சிலிண்டர் வாங்கவில்லை.
எவர்சில்வர் டம்ளர் பதினெட்டு.
கீழே விழுந்து சுழன்று அடங்க
எது எத்தனை நொடி என்று தெரியும்.
எதிலும் தண்ணீர் குடித்ததில்லை.

கடைசியாகக் கதவு.
தச்சர் பூமிராசு சட்டம் அடித்து
அறை நடுவே நிறுத்தினார்.
தாழ்ப்பாள், கொண்டி, எண்ணெய் போடாத கீல்.
"எங்க போகுது இந்தக் கதவு?"
"எங்கேயும் இல்லை."
பென்சிலைக் காதில் செருகி
இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்தார்.
"அப்ப பூட்டு எதுக்கு?"

ஒரு வீட்டுக்கு வேண்டிய எல்லாம் வந்துவிட்டது.
ராத்திரி எட்டுக்கு விளக்கை அணைத்து
மண்டபத்து வாடகை அறைக்குப் போய்ப் படுத்தேன்.
அங்கே ஒரு பாய், ஒரு வாளி.

மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய கார்த்திகையில்
வாடைக்காற்று
வியாகுலத்தின் தகரக் கூரையைப் பிரித்துப் போனது.
முதலில் வந்தவன் அவள் மகன் ரெக்ஸ்லின்.
அறையை ஒரு பார்வை பார்த்தான்.
நேராகப் போய் நடுக்கதவைத் திறந்து
அந்தப் பக்கம் நுழைந்து தாழ் போட்டுக்கொண்டான்.
பின்னால் நனைந்து வந்தவள்
சுற்றிக்கொண்டு போயிருக்கலாம்.
செருப்பைக் கழற்றினாள்.
தட்டினாள்.
"யாரு?"
"நான்தான்டா."
"நான்தான்னா யாரு?"
"உன்னைப் பெத்தவ. திறடா, குளிருது."
கீல் முனகியது.
என் அடுப்பைத் திருகிப் பார்த்துவிட்டு
"இதென்ன வெத்து அடுப்பு" என்று
மழையில் தன் சிலிண்டரை உருட்டி வந்தாள்.
பதினொரு நொடி சுழலும் டம்ளரில்
கடுங்காப்பி குடித்தேன். விளிம்பு சுட்டது.

மைக் அணைந்தே இருந்தது.

மறுநாள் நாற்பது முறை நானே தட்டினேன்.
நாற்பதும்
உள்ளே யாருமில்லை என்று தெரிந்த கை.
கூரை மேய்ந்து முடித்த பிறகு
இருவரையும் அழைத்து வந்தேன்.
அவன் உள்ளே, அவள் வெளியே.
"யாரு"வை வெட்டிவிட்டேன், படத்துக்கு அது வேண்டாம்.
தட்டலுக்குப் பின்
பையன் மூச்சு இழுக்கும் இடத்தை மட்டும் விட்டுவைத்தேன்.

நேற்று கேஸ் ஏஜென்சியில்
படிவம் நிரப்பிய பெண் கேட்டாள்:
"வீட்டு இணைப்பா, கடை இணைப்பா?"
அறை நடுவில் ஒரு கதவு இருக்கிறது
என்று ஆரம்பித்தேன்.
பின்னால் வரிசை
தெருவரை நின்றது.