கடைசிக்கு முந்தைய வரி

மனாமா, குதைபியாவில் எங்கள் ஹோட்டல்.
பில்லில் கடைசிக்கு முந்தைய வரியை அடிப்பவள் நான்:
சேவைக் கட்டணம், பத்து சதவீதம்.

"இது உனக்குத்தானே தம்பி?"
ஏழாம் மேசைக்காரர் கேட்பார்.
சூசைராஜ் சிரிப்பான்,
சிரிப்புக்கு நேர் மேலே கேமரா.
அவர் எழுந்து போவார்
கொடுத்துவிட்டவரின் நடையில்.

ஏசி ரிப்பேர், உடைந்த பதினோரு தட்டு,
முதலாளி மச்சானின் பெட்ரோல்:
என் கணக்கில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், 'இதர'.

போன செவ்வாய் எனக்கு லீவு.
அத்லியாவில் வேறொரு கடை, மீன் பிரியாணி,
அதே வரி.
பில் கொண்டுவந்த நேபாளிப் பெண்ணின்
கட்டைவிரலில் சூடுபட்ட தழும்பு.
அரை தினார் கையில்தான் இருந்தது.
அதற்குள் என் அரைகுறை இந்தி முந்திக்கொண்டது:
"இது உங்களுக்குத்தானே?"

சிரித்தாள்.

நான் நிமிர்ந்து
கேமராவைத் தேடினேன்.