நாலு விரல்

ஒன்பது பேர்ச் வளவை
வாப்பா நாலு பெண்மக்களுக்குப் பிரித்தார்.
கீழே மூன்று வீடு, மூன்று கேற்,
ஒரு பூனை நடக்கிற அளவுக்கு இடைச்சந்து.
எனக்கு வந்தது
சின்ன ராத்தாவின் தலைக்கு மேல் போட்ட பிளேட்டும்
அதுக்கு மேல் இருக்கிற வானமும்.
உறுதியில் வானம் எழுதப்படவில்லை.

மண் இல்லை. அதனால்தான் பெட்டி.

சாய்ந்தமருதுக் கரையில் மீன் ஏற்றி அனுப்பும் உவைஸ்
மூடியோடு மூன்று ரெஜிபோம் பெட்டி தந்தார்.
சவர்க்காரம், எலுமிச்சை, ரெண்டு நாள் வெயில்.
இப்பவும் மழை இருட்டினால்
சூடை வாசம் மெல்ல எழும்பும்.

கிணறு கடலுக்குக் கிட்ட, உப்பு.
குழாய்த் தண்ணியை வாளியில் ஓரிரவு வைத்து
அல்பேர்ட் கலவையைக் கரைத்தேன்.
மூடியில் ஓட்டை, ஓட்டையில் தயிர்க் கப்,
கப்பில் தும்பு.
சலாது எட்டு. கங்குன் நாலு.
உள்ளே விரிக்க வாங்கின கறுப்புப் பொலித்தீன்
ரெண்டு பெட்டிக்குத்தான் காணும்.
மூன்றாவதுக்கு வெளியே
என் பழைய அபாயாவைச் சுற்றிக் கட்டினேன்.

"புள்ளயளப் போல பாக்கணும்" என்று
விவசாயக் கந்தோர்ப் பெண் சொன்னாள்.
நான் பிழையாக விளங்கிவிட்டேன்.
சுபஹுக்கு ஒரு கோப்பை, அஸருக்கு ஒரு கோப்பை,
குறையக் குறைய ஊற்றினேன்
மூடியைத் தொடும்வரை.

மூன்றாவது பெட்டியில் ஐஸ் குத்தின காயம் ஒன்று,
விளிம்புக்கு நாலு விரல் கீழே.
அது வடித்து, பிளேட்டில் ஓடி,
வெடிப்புக்குள் இறங்கி
சின்ன ராத்தாவின் அடுப்பில், நேரே பால் சட்டியில்.
"என்ட தலைக்கு மேல வயல் செய்றியா?"
அன்று அவ போட்ட சத்தம் ஜும்ஆப் பள்ளிவரை கேட்டிருக்கும்.
பெட்டிக்குக் கீழே பேசினை வைத்தேன்.
பெட்டியோடும் கோபித்தேன்.
அதன் பிறகு அதுக்கு ஒரு சொட்டும் ஊற்றவில்லை.

பதினெட்டாம் நாள்
என் செல்லங்கள் ரெண்டு பெட்டியிலும்
கழுத்தளவு தண்ணிக்குள் நின்றுகொண்டே
வாடின.

மூடியைத் தூக்கினேன்.
பழுத்த தேயிலை நிறம்.
நேற்று ஊறவைத்து மறந்த இடியப்பம் போல் வழவழப்பு.
ஒரு வேரைப் பிடித்து இழுக்க
தோல் கழன்று விரலோடு வந்தது,
உள்ளே மயிரளவு நூல் மட்டும் மிஞ்சியது.
மணம், ஆற்றுவாய் மூடின மாதத்துத் தோணா.

பிறகுதான் அந்த ஓட்டைப் பெட்டி.
எறிவோம் என்றுதான் திறந்தேன்.

தண்ணி காயத்தோடு நின்றிருந்தது.
அதுக்கு மேலே, மூடிக்குக் கீழே,
அந்த நாலு விரல் ஈரக் காற்றில்
வேர்கள் வெள்ளை வெளேரென்று
பூனைக்குட்டியின் வயிற்று மயிராய்ச் சிலிர்த்திருந்தன.
கீழ்ப்பாதி குடித்தது.
மேல்பாதி மூச்சு விட்டது.

நான் அவ்வளவு நாளும்
மூக்கில் ஊற்றியிருக்கிறேன்.

அழுகினதைக் கத்தரித்தேன்.
பெட்டிகளைத் தேய்த்துக் காயவைத்தேன்.
பகல் பன்னிரண்டுக்குப் பிளேட் கொதிக்கும், தண்ணியும் கொதிக்கும்,
அதனால் கீழே பலகை, மேலே நனைத்த சாக்கு.
நகப்பூச்சால் உள்ளே ஒரு சிவப்புக் கோடு.
கோட்டைத் தாண்டி ஊற்றுவதில்லை.
பன்னிரண்டில் ஏழு பிழைத்தது.

முதல் சலாதை ராத்தாவுக்குக் கொண்டுபோனேன்.
கழுவினாளா தெரியாது, கோப்பையைத் திருப்பித் தந்தாள்
காலியாக, ஒன்றும் சொல்லாமல்.
நானும் நிற்கவில்லை. ஏறி வந்துவிட்டேன்.

இரவு கரண்ட் போனால்
போன் வெளிச்சத்தில் மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்ப்பேன்.
கோட்டுக்கு மேலே வெள்ளை, இன்னும் வெள்ளை.
எண்ணத் தொடங்குவேன்.

வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும்.
போதும், மூடு.