ஆறு மணிச் சங்கு

புதுவயல் அரிசி மில்லில் சங்கு ஊதியதும்
கையில் தட்டோடு
அடுப்படி வாசலில் வந்து நின்றாள் தர்ஷிகா.
முன்னால் யாருமில்லை. பின்னாலும் யாருமில்லை.
ஆனாலும் வரிசையில்தான் நின்றாள்.
தட்டின் அடியில்
ஆணியால் குத்திய எண், இருபத்தேழு.

காரைக்குடியில் அவள் இருந்த விடுதி
யாரோ ஒரு செட்டியார் எழுதிக் கொடுத்த வீடு.
வளவைச் சுற்றிப் பாய், நாற்பத்தொரு பிள்ளைகள்,
தூண் தூணாய் பர்மாத் தேக்கு.
"மூணாவது தூண் என்னோடது"
என்றாள் பேருந்தில். வேறெதுவும் பேசவில்லை.

எங்கள் வீட்டில் தூண் கிடையாது.
சிமெண்டு ஷீட்டு,
எந்நேரமும் நெல் அவிக்கிற வாடை.
முதல் ராத்திரி
தையல் மெஷினின் காலைப் பிடித்தபடி தூங்கினாள்.
விடிந்தால் கொடுக்க வேண்டிய ஜாக்கெட் ஒன்று
பாதியில் கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டேன்.

விசாரிக்க வந்த அம்மா கேட்டார்,
சொந்தப் பிள்ளை இல்லையா?
இருக்கிறான், திருப்பூரில், பனியன் கம்பெனியில்.
பிறகு எதற்கு?
மூட்டை சுமந்த தோளைச் சொறிந்துகொண்டு
என் வீட்டுக்காரர் அடைக்கலம் சொன்னார்:
"இன்னொரு ஆள் சாப்பிட இடமிருக்குங்க."
படிவத்தில் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது
என்று தேடினார் அந்த அம்மா.

இந்தப் பக்கத்தில் பிள்ளை கூட்டுவது புதிதில்லை.
வாரிசுக்கு, கொள்ளிக்கு, கோயில் புள்ளிக்கு.
இது அதுவுமில்லை. தாளில் இரண்டு வருடம் என்றிருக்கிறது.
அதற்குமேல் நான் படிக்கவில்லை.

தண்ணி குடிக்கலாமா என்பாள்.
ஃபேன் போடலாமா என்பாள்.
கேட்காதே என்றால்
கேட்காம இருக்கலாமா என்பாள்.

சனிக்கிழமை விடுதிக்குப் போன் போட்டுக் கொடுத்தேன்.
"மூணாவது தூண்ல இப்ப யாரு?"
முதலில் ஜெபரோஸ் படுத்தாளாம்.
அவளும் அறந்தாங்கிக்கு, சித்தி வீட்டுக்குப் போய்விட்டாளாம்.
இப்போது பாய் விரிப்பதில்லையாம் அந்தப் பக்கம்.
போனை என்னிடம் நீட்டிவிட்டு
வெகுநேரம் கொடிக்கம்பியில் துணி மடித்தாள்,
ஈரத் துணி.

ஆடியில் ஒரு திங்கட்கிழமை
சங்கு ஊதியது. புரண்டு படுத்தாள்.
எட்டு மணிக்கு, ஒற்றைக் காலில் சாக்ஸோடு,
"ஏன் எழுப்பிவிடலை? உங்களாலதான் லேட்டு!"
தெருவே கேட்கிற கத்தல்.
என்னை இன்னும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.
"உங்களாலதான்" என்றாள், அவ்வளவுதான்.

சாப்பிட்ட தட்டைப் போட்டது போட்டபடி ஓடிவிட்டாள்.
காய்ந்த சட்னியைத் தேய்க்கும்போது
அடியில் அந்த எண்
விரலில் நெருடியது.