கிட்ட வட்டம்

இரவு இரண்டு நாற்பது.
த்ரியெஸ்தேயில் போராக் காற்று.
குன்றின் மேல் மருத்துவமனை ஜன்னல்கள்
பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கின்றன.
என் இருட்டறைக்குள் அது வராது.
இங்கே திரையில் ஒரு மனிதனின் காற்று மட்டும்,
முந்நூறு மெல்லிய சீவல்களாக.

தூல்லியோ. அறுபத்தொன்று. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
ரத்தப் புற்று; கீமோவின் பதினான்காம் நாள்.
வெள்ளணுக்கள் எண்ணுமளவுக்கு இல்லை.
ஐந்து நாளாய்க் காய்ச்சல்.
எக்ஸ்ரே 'ஒன்றுமில்லை' என்றது.
அதைக் குறை சொல்லக் கூடாது,
எதிர்க்க ஆளில்லாத வீட்டில்
திருடன் சத்தம் போடுவதில்லை.

வலது மேல் மடலில் ஒரு முடிச்சு,
சுற்றிலும் மங்கிய வெண்மை,
நிலவைச் சுற்றிக் கட்டிய கோட்டைபோல.
எட்ட வட்டம் கிட்ட மழை,
கிட்ட வட்டம் எட்ட மழை என்பார்கள்.
இந்த வட்டம் ஒட்டியே இருக்கிறது;
மழையோ எப்போதோ பிடித்துவிட்டது,
ரத்தமாக.

பூஞ்சை என்று எழுத விரல் ஓடுகிறது.
நிறுத்துகிறேன்.
புற்றே நுரையீரலில் குடியேறியிருக்கலாம்.
தட்டணுக்கள் ஒன்பதாயிரம்,
வெறும் கசிவாகவும் இருக்கலாம்.
மருந்து செய்த காயமாக இருக்கலாம்.
எல்லாம் ஒரே சாம்பலை உடுத்தி வருகின்றன.
ஊசியால் துண்டெடுத்தால் தெரியும்;
எடுத்தால் ரத்தம் நிற்காது.
'இருக்கலாம்' என்று
ஓர் அறிக்கையில் எத்தனை முறை எழுதுவது?

வார்டுக்குத் தொலைபேசினேன்.
ஃபுல்வியா அவரை எழுப்பிக் கேட்டாள்:
நடுவில் வீட்டுக்குப் போனபோது என்ன செய்தீர்கள்?
ஒன்றும் செய்யவில்லை, டாக்டர்.
நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த நெவியா
கண்ணைத் திறக்காமலே சொன்னாளாம்:
ஒன்றுமில்லையா?
நிலவறையில் பூசணம் பிடித்த காப்பிச் சாக்குகளை
ஒரு நாள் முழுக்க உதறினது
பக்கத்து வீட்டுக்காரரா?

விடியுமுன் மருந்து ஏறியது.
பதில் வரும்வரை காத்திருக்க யாருக்கும் துணிவில்லை.
காலையில் குழாய் இறக்கி
உப்புநீரால் நுரையீரலைக் கழுவினார்கள்.
விட்டதில் பாதிதான் திரும்பியது.
அந்தக் கலங்கலில்,
பூஞ்சை தன் சட்டையிலிருந்து உதிர்த்த சர்க்கரை.

இரண்டு வாரம் கழித்து முடிச்சு பெரிதாகியிருந்தது.
பயிற்சிக்கு வந்த மாத்தெயா நகத்தைக் கடித்தான்:
மோசமாகிவிட்டதே.
உருப்பெருக்கினேன்.
முடிச்சின் ஓரத்தில் கறுப்பாய், மெலிதாய்,
காற்றாலான பிறை.
வெள்ளணுக்கள் வேலைக்குத் திரும்பி
செத்த தசையை விளிம்பிலிருந்து பிரிக்கையில்
தோன்றுவது.
படம் மோசம், ஆள் தேறுகிறார்.
இதை ஒரே வாக்கியத்தில் சொல்ல
மூன்று தடவை அழித்தெழுதினேன்.
பிறையிலும் ஆபத்துண்டு,
ஓர் இருமலில் ரத்தம் பீறலாம்.
அதையும் எழுதினேன்.

தூல்லியோவை நான் பார்த்ததில்லை.
மின்தூக்கியில் பக்கத்தில் நின்றாலும் தெரியாது.
'மூச்சைப் பிடியுங்கள்' என்று இயந்திரம் சொன்னபோது
அவர் பிடித்த மூச்சு மட்டும் தெரியும்,
அதன் ஒவ்வொரு கிளையும்.
'விடுங்கள்' என்றதும் அவர் விட்டது
எந்தப் படத்திலும் இல்லை.