மாடுகளோடு எத்தனை ஆண்டு அனுபவம்

நக்கிவாலே முகாமில் நான் மொழிபெயர்ப்பாளன்.
வலியை ஆங்கிலமாக்க
நாளுக்கு இத்தனை ஷில்லிங்.

செபகாபோவை முதலில் பார்த்தது மார்ச்சில்,
மீள்குடியேற்ற நேர்காணலில்.
"எங்கே வலிக்கிறதென்று கேளுங்கள்" என்றாள் அதிகாரி.
கெட்டவளில்லை,
தன் தண்ணீர் போத்தலை அவன் பக்கம் நகர்த்தியவள்.
அவன் இடது தோளைத் தொட்டுக் காட்டினான்.
அப்புறம் பேசவே இல்லை.
அந்த மௌனத்தையும் மொழிபெயர்த்தேன்:
"அவருக்கு நினைவில்லை."

நினைவிருந்தது.
இன்னும் கொஞ்சம் உடைந்திருந்தால்
பட்டியலில் ஏறியிருப்பான்.
போதாத காயம்.

அக்டோபரில் வேறொரு வாசல்.
கனடாவில் ஆள் எடுக்கிறார்களாம்,
அகதி என்றில்லாமல் தொழிலாளி என்று.
சிக்னல் கிடைக்கும் ஒரே இடம்
சோள மில்லின் பின்சுவர்.
கைபேசியை நான் பிடித்துக்கொண்டேன்.

அதே தோள்.
இருபத்தைந்து கிலோ தூக்குமா?
தூக்கும்.
வலி ஏதும்?
இல்லை என்றான், என்னைப் பார்க்காமல்.

"மாடுகளோடு எத்தனை ஆண்டு அனுபவம்?"

முப்பத்தொன்று என்றான்,
பிறந்த நாளிலிருந்து கணக்கு.
முகம் அப்படியே திறந்துகொண்டது.
மினெம்ப்வே மேட்டில் பனி விலகுமுன்
பிஹோகோ முன்னே நடப்பாள்,
காஜுவுக்குக் காதோரம் ஏதாவது முனகினால்தான்
பால் இறங்கும்,
கன்று நக்கிய பிறகே கறப்போம்...
தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

திரை கொஞ்சம் உறைந்தது, மீண்டது.
"இல்லை, கத்தியோடு.
இது இறைச்சித் தொழிற்சாலை."

எங்கள் மொழியில் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன்.
மில் கூரையில் மராபூ நாரை ஒன்று
கால் மாற்றி நின்றது.
நியாமுவிசா தூரத்தில்
பிள்ளைகளோடு நின்றிருந்தாள்,
கேட்காத தூரம்.

"எண்ணை மாற்றாதே" என்றான்.
"வினைச்சொல்லை மட்டும் மாற்று."

மாற்றினேன்.

பிப்ரவரியில் குரல்செய்தி வந்தது.
குளிர், காலணி நல்ல காலணி,
பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.
கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு:
தன்னிடம் வருகிற ஒவ்வொன்றுக்கும்
பெயர் வைக்கிறானாம், வாய்க்குள்ளேயே.
தெரிந்த பெயரெல்லாம் தீர்ந்துவிட்டதாம்.
நீ கொஞ்சம் அனுப்பு.

நான் வாத்தியார் மகன். மாடு வைத்திருந்ததில்லை.
ரேஷன் வரிசையில் நின்றவர்களைக் கேட்டேன்.
முதலில் சிரித்தார்கள்.
பிறகு ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர்,
சுடப்பட்டவை, ஓட்டிச் செல்லப்பட்டவை,
ஆற்றில் விட்டுவந்தவை.
கோப்பு எண் எழுதும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இதுவரை நூற்றுப் பன்னிரண்டு.
அவனுக்கு
அரை நாளுக்குக்கூடக் காணாது.