ஒன்பதாம் பேருந்து

காலை ஏழரைக்கே வந்துவிட்டது கப்பல்.
கிள்ளான் துறைமுகத்தில் ஒரு தெருவையே
நிமிர்த்தி வைத்தது போல் நின்றது.
பதினோரு பேருந்துகள். என்னுடையது ஒன்பது.
ஆளுக்கொரு மஞ்சள் வட்டம் சட்டையில் ஒட்டினேன்.
பட்டியலில் முப்பத்தெட்டுப் பெயர்;
ஒன்றைக் கப்பல்காரர்களே அடித்திருந்தார்கள்.
முப்பத்தேழு. எண்ணினேன்.
வணக்கம் சொல்லித் தந்தேன்,
முப்பத்தேழு விதமாய்த் திரும்பி வந்தது.

தாளில் உள்ளது:
தோட்டம் நாற்பது நிமிடம், கோயில் இருபது,
பட்டணம் ஒரு மணி நேரம், பகல் சாப்பாடு.
தாளில் இல்லாதது கழிப்பறை.
நாள் முழுக்க நான் நடத்துவது
உண்மையில் அந்தச் சுற்றுலாதான்.

தோட்டத்தில் செம்பனைக் குலை ஒன்றைத்
தூக்கிப் பார்க்கச் சொன்னேன்.
குத்தியதும் சிரித்தார்கள்.
குலை வெட்டும் ஷஹீனை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள்.
"இவர் தமிழரா?"
இல்லை, வங்காளதேசம், போன வருடம் வந்தவர்.
"அப்போது நீங்கள்?"
இங்கேதான் பிறந்தேன் என்றேன்.
இங்கே என்றால்
நம் பேருந்து நிற்கும் இடத்தில்
என்று சொல்லவில்லை.
உரிமத் தேர்வில் அந்தக் கேள்வி வரவே இல்லை.

கோயில் வாசலில் எழுபத்து நாலு செருப்பு.
சூலத்தில் ஏன் எலுமிச்சை என்று ஒரு அம்மா கேட்டார்.
சூடு தணிய என்றேன்.
போன வாரக் கப்பலுக்கு வேறு காரணம் சொன்னேன்.
அதையும் இப்படித்தான் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள்.

பட்டணத்தில் விட்டேன் எல்லோரையும்.
விட்டால் கடைத்தெரு ஒன்றுதான், தொலைய வழியில்லை.
ஒன்றே முக்காலுக்கு எண்ணினேன்: முப்பத்தாறு.
மறுபடி, பின்வரிசையிலிருந்து: முப்பத்தாறு.
ரொஸ்லி கடிகாரத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்க்கவில்லை.
நாலு மணிக்கு ஏணியைத் தூக்கிவிடுவார்கள்.
கப்பல் யாருக்காகவும் நிற்காது.

நாலு நம்பர் கடையில் இல்லை.
அடகுக் கடையில் இல்லை.
நாசி கண்டார் கடையில் மாமக் கை விரித்தார்.
சீனர் இரும்புக் கடையில்
வாளிகளுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தேன்,
வெயிலில் புத்தி அப்படித்தான் போகிறது.
ஓடினேன். முப்பத்தாறு பேரும்
கண்ணாடி வழியே என்னைச்
சுற்றிப் பார்த்தார்கள்.

மாசிலாமணி சலூன்.
தலை பின்னால் சாய்ந்து, வாய் கொஞ்சம் திறந்து,
நுரைக்குள்ளே ஒரு வெள்ளைக்காரர்.
சட்டையில் மஞ்சள் வட்டம்.
மேலே தொலைக்காட்சியில் ஒரு மாமியார்
ஒலியில்லாமல் திட்டிக்கொண்டிருந்தாள்.
"தூங்கிட்டாரும்மா," என்றார் மாசிலாமணி,
கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி.
"மூஞ்சியத் தொட்டதுமே தூங்கிட்டாரு.
எழுப்பணுமா?"

பட்டியலை விரித்தேன்.
அலஸ்டர் மக்ரே.
அதற்கு மேலே, அடித்த கோட்டுக்கு அடியில்,
ஐலீன் மக்ரே. அறை ஒன்றே.

ஒரு கன்னம் மீதி இருந்தது.

முடிங்க அண்ணே, என்றேன்.
மர பெஞ்சில் உட்கார்ந்தேன்.
கத்தி இறங்கும் சத்தம் மட்டும்,
பச்சை மட்டையில் நகம் இழுப்பது போல.
வெளியே ரொஸ்லி ஒரு முறை ஹாரன் அடித்தார்,
பிறகு அடிக்கவில்லை.
துண்டால் ஒற்றி, படிகாரம் தேய்த்து,
பவுடர் போட்டு,
ஊர்க்காரனுக்கு வாங்கும் அதே
பன்னிரண்டு வெள்ளிதான் வாங்கினார்.

பகல் சாப்பாடு பொட்டலமாகிப் போனது.
கருத்துத் தாளில் ஒருவர் எழுதினார்:
இருபது நிமிடம் வீண், காரணம் சொல்லப்படவில்லை.
இன்னொருவர்: எலுமிச்சை விளக்கம் அருமை.

மூன்று ஐம்பதுக்கு ஏணி.
இறங்க இறங்க எண்ணினேன்.
முப்பத்தேழாவது ஆள்
வழுவழுத்த கன்னத்தைத் தடவிக்கொண்டே
வணக்கம் என்றார்,
காலையில் சொன்னதை விட மோசமாக.

வியாழன் இன்னொரு கப்பல்.
"பசியாறலாமா?" என்று தமிழிலேயே கேட்டார் ரொஸ்லி.
என் வட்டத்தைப் பிய்த்தேன்.
பாதிதான் வந்தது.